பாட்டில் இல்லாத பந்தி: மைசூரில் ஒரு நிச்சயதார்த்தம்

மைசூர் போய் வந்தேன் என்றால் எல்லாரும் அரண்மனை பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. இரண்டு நாளில் நான் பார்த்தது ஒரு குப்பைக் கொட்டகையையும் நான்கு அண்டாக்களையும்தான். ஆனாலும் இதுவரை நான் எழுதிய பயணங்களில் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

சென்ற சித்திரையில், ஒரு சனிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை திரும்பினேன். என் பெரியப்பா மகள் சாந்தி அக்கா கல்யாணமாகி மைசூருக்குப் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. வீடு விஜயநகரில். அவள் மகள் திவ்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீடு மார்டள்ளி. அனூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெரிய ஊர், நம் பேச்சு, நம் பழக்கம். இதில் என்ன விசேஷம் என்றால், அக்கா அவள் வார்டில் குப்பை பிரிக்கும் கொட்டகையின் மேற்பார்வையாளர். வீடு வீடாகப் போய் "மக்குறது தனி, மக்காதது தனி" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் முன் போனில் பேசும்போது அவள் குரலே சரியில்லை. "கலா, மாப்ள ஊட்டுல எலைக்கு ஒரு தண்ணி பாட்டில் வைக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நூத்தம்பது பேரு. நான் எப்படி வைப்பேன் சொல்லு? தெருவுல ஒருத்தருக்கும் நான் மொகம் காட்ட முடியாது. வைக்கலன்னா அவிய கோவிச்சுக்குவாங்க. நல்ல எடம் கண்ணு. திவ்யாவுக்குப் பையனப் புடிச்சிருக்கு." நான் வீரமாக, "நீ கவலப்படாத, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல், சத்தியமங்கலம் கடைவீதியில் நானூறு காகிதக் கப் வாங்கினேன். பிளாஸ்டிக் இல்லை, பாட்டில் இல்லை, அக்காவின் மானமும் போகாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காலை 6.40க்கு சத்தி பஸ் நிலையத்தில் மைசூர் பஸ். டிக்கெட் 175 ரூபாய். தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும், நடுவில் திம்பம் மலை இருக்கிறது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வலப்பக்க ஜன்னல், இடப்பக்க ஜன்னல் என்று யோசிக்காதீர்கள், வளைந்து வளைந்து போவதில் பள்ளம் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். தலை சுற்றுபவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுங்கள்.

பண்ணாரி சோதனைச்சாவடி தாண்டியதும் காடு. காடா அது? சித்திரை வெயிலில் மூங்கில் எல்லாம் வைக்கோல் நிறத்தில் நின்றது. போன வருடம் இதே மாதம் போனபோது ஓரங்களில் கொஞ்சமாவது பச்சை இருந்த ஞாபகம். எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, முன் இருக்கையில் இருந்தவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, பாட்டிலை ஜன்னல் வழியாக வீசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏனுங்க, அது என்ன உங்க ஊட்டுக் குப்பத்தொட்டியா? மானும் யானையும் திங்கறதுக்கா?" என்று எழுந்தே கேட்டுவிட்டேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க ஒருத்தரக் கேக்குறீங்க. தெனமும் நாங்க எத்தன பேரக் கேக்கறது? செக்போஸ்ட்டுல பாத்தா வனத்துறக்காரங்க எங்களத்தான் திட்டுறாங்க" என்றார். நானும் நியாயவாதி மாதிரி உட்கார்ந்தேன், மடியில் நானூறு கப்பை வைத்துக்கொண்டு.

ஆசனூரில் பத்து நிமிடம் நிற்கும். டீ குடிக்கலாம். சாமராஜநகருக்கு 9.10, நஞ்சன்கூடு தாண்டி மைசூர் பஸ் நிலையத்தில் 10.55. விஜயநகர் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் முதலில் இருநூறு கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். நான் தமிழில் பேச, அவர் கன்னடத்தில் பேச, இடையில் ஹிந்தி தலைகாட்ட, ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்தோம்.

அக்கா வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காலி மனையில்தான் பந்தி. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்த் தண்ணீர் வருகிறதாம், அதுவும் அன்று வராத நாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு டேங்கர் சொல்லியிருந்தார்கள். நான் பையைத் திறந்து கப்பை எடுத்துக் காட்டினேன். அக்கா ஒரு கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்ட்டுட்டு என்கூடக் கொட்டகைக்கு வா. மேரி அக்காகிட்ட காட்டலாம்" என்றாள்.

மூன்று மணிக்குக் கொட்டகைக்குப் போனோம். வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். நீங்களும் போய்ப் பார்க்க விரும்பினால் பகலிலேயே போங்கள், முன்கூட்டி கேட்டுக்கொண்டு போங்கள், அங்கே இருப்பவர்கள் வேலையில் இருப்பார்கள், வேடிக்கைப் பொருள் இல்லை. நான் மூக்கைப் பொத்தத் தயாராகப் போனேன். தேவைப்படவில்லை. ஒரு பக்கம் மண்புழு உரத் தொட்டிகள், அருகில் போனால் மழை பெய்த தோட்டத்து மண் மணம். இன்னொரு பக்கம் நீண்ட மேஜை, கையுறை போட்ட பெண்கள், மலையாகக் குவிந்த பிளாஸ்டிக். சுவர் ஓரம் காகித அட்டை, பாட்டில், செருப்பு, பால் கவர் என்று தனித்தனி மூட்டைகள்.

மேரி அக்கா அங்கே பத்து வருடமாக வேலை செய்பவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நாலு வார்த்தைக்கு ஒரு கன்னட வார்த்தை வரும். என் கப்பை வாங்கினார். பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து, அதை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளிருந்து மெல்லிய தோல் மாதிரி ஒன்று முழுசாகக் கழன்று வந்தது.

"நோடி அம்மா. பாருங்க. இது பிளாஸ்டிக்கு. இது ஒட்டலன்னா காப்பி ஒழுகிடும் அல்வா, இல்லையா? இதப் பேப்பர்ல போட முடியாது, பிளாஸ்டிக்ல போட முடியாது, மண்ணுலயும் மக்காது. பாட்டிலாவது நாங்க விப்போம். இத யாரும் வாங்க மாட்டாங்க. தினமும் இது ஒரு மூட்ட வருது, என்ன மாடோது?"

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார். எனக்கு முகம் எரிந்தது. காலையில் பஸ்ஸில் ஒருவரை எழுந்து நின்று திட்டியவள் நான். அவராவது ஒரு பாட்டில் வீசினார், நான் நானூறு கப்போடு மலை ஏறி வந்திருக்கிறேன். கடைக்காரர் மேலும் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அக்கா என் முதுகில் தட்டி, "உடு கண்ணு. நானும் மொத வருசம் இதைத்தான் ஊரெல்லாம் வாங்கச் சொன்னேன்" என்றாள். அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

அக்காவின் மகளிர் குழுவிடம் வாடகைக்கு விடும் எவர்சில்வர் டம்ளர் முந்நூறு இருந்தது. ஒன்றுக்கு ஒரு ரூபாய், திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுக்க வேண்டும். வாழை இலை எப்படியும் உரத்தொட்டிக்குப் போய்விடும். டம்ளரில்தான் தண்ணீர் என்று முடிவு செய்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. "நேர்ல பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை. சாப்பாடு கூட இறங்கவில்லை அவளுக்கு.

ஞாயிறு காலை 9.20க்கு மார்டள்ளியிலிருந்து வாடகை பஸ் வந்து நின்றது. ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர், விடியற்காலை 5.45க்கே கிளம்பியிருக்கிறார்கள். அறுபது பேர். மாப்பிள்ளையின் அப்பா ரங்கசாமி அண்ணன், ஒல்லியான ஆள், மஞ்சளும் சோளமும் போடும் விவசாயி. வந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் நீர்மோர் கொடுத்தோம். நல்ல வெயில், ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். யாரும் பாட்டில் எங்கே என்று கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். அது மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, சொந்தம் உறுதி. முகூர்த்தம் 10.30 முதல் 12 வரை. பாய் விரித்து, தட்டில் உப்புச் சர்க்கரை வைத்து, இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தாயிற்று. அப்போது ரங்கசாமி அண்ணன் பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். டேங்கரிலிருந்து வந்த ரப்பர் குழாய் தரையில் கிடந்து தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலி மனை முழுக்கச் சேறு, சேற்றிலிருந்து சாக்கடைக்கு ஒரு சிற்றோடை.

மனிதர் பாயை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங் தங்கச்சி, இதுக்குத்தானே நான் பாட்டில் வைக்கச் சொன்னேன்!"

பாட்டில் வைக்காததற்குத்தான் கோபம் என்று எல்லாருக்கும் தோன்றியது. திவ்யா உள்ளறை வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். மாமா கையைப் பிசைந்தார். அக்கா எழுந்து, "அண்ணா, கௌரவக் கொறச்சலா நெனைக்காதீங்க. நான் பண்ற வேலைக்கு என்னால பாட்டில் வைக்க முடியலீங்க. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"கௌரவமா? எவன் கேட்டான் கௌரவத்த?" என்றார் அவர். "என்ற காட்டுல ரெண்டு போர் போட்டேன். ஒண்ணு எழுநூறு அடி, ஒண்ணு ஆயரத்து நூறு அடி. ரெண்டுலயும் காத்துதான் வருது. போன வருசம் மஞ்சளுக்கு டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்தி, பாதி கருகிப் போச்சு. எங்க பக்கத்து ஊட்டுக் கல்யாணத்துல இப்படித்தான் டம்ளரு கழுவறேன்னு ஒரு டேங்கரத் தெருவுல உட்டாங்க. பாத்துட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கலீங்க. பாட்டிலுன்னா குடிக்கற தண்ணியோட போச்சு, கழுவற தண்ணி மிச்சமாகுமேன்னுதான் சொல்லியனுப்புனேன்."

நாங்கள் எல்லாரும் அவரைப் பகட்டுக்காரர் என்று நினைத்திருந்தோம். பத்து நாளாக அக்காவுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, அவள் குப்பைக்குக் கவலைப்பட்டாள், அவர் தண்ணீருக்கு. ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று நமக்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கிறதே, அது செய்த வேலை.

அக்கா நேராகப் போய்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து, எல்லார் முன்னாலும், "நான் குப்பையப் பத்தி மட்டும்தான் நெனச்சேன் அண்ணா. தண்ணியப் பத்தி நெனைக்கவே இல்ல. தப்புதான்" என்றாள். ஆறு வருடமாக ஊருக்குச் சொல்லிக் கொடுப்பவள் இப்படிச் சொல்வது சாதாரணமா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரங்கசாமி அண்ணன் சமையல்காரரைப் பார்த்து, "காலி அண்டா எத்தனை இருக்குதுங்க?" என்று கேட்டார். நான்கு இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். மாப்பிள்ளைக்கு அப்பா, நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி, பெண் வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டார்கள், தெரியும்தானே? அவர் சம்சாரம் பின்னாலேயே ஓடி, "ஏனுங்க, மானத்த வாங்காதீங்க. நாலு பேரு பாக்கறாங்க" என்றார். "பாக்கட்டும். நாலு பேரும் வந்தா சீக்கரம் முடியும்" என்று பதில் வந்தது.

முறை எளிது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டம்ளரில் மிஞ்சியதை ஒரு வாளியில் கவிழ்த்துவிட வேண்டும். முதல் அண்டாவில் சீயக்காய்த் தூள் கலந்த தண்ணீர், அதில் போட்டுத் தேய்ப்பது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அலசுவது. நான்காவதில் கைபொறுக்காத வெந்நீர், கரண்டியால் முக்கி எடுத்துக் கவிழ்த்து வைப்பது. முதல் அண்டா கலங்கிப்போனால் அதை மட்டும் கொட்டி, இரண்டாவதை முதலாவதாக்கி வரிசையை நகர்த்த வேண்டும். குழாய் திறக்கவே வேண்டாம். மாப்பிள்ளை பிரகாஷ் பட்டு வேட்டியோடு வந்து இரண்டாவது அண்டாவில் கையை விட்டான். அதைப் பார்த்து திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதுக்கு வந்துவிட்டாள். வீடியோ எடுப்பவருக்குக் கொண்டாட்டம். மேரி அக்கா விருந்தாளியாக வந்திருந்தவர், சேலையைச் செருகிக்கொண்டு வெந்நீர் அண்டாவைப் பிடித்துக்கொண்டார், வேறு யாரையும் கிட்டேயே விடவில்லை.

உப்புச் சர்க்கரை மாற்றும்போது மணி 11.50. பத்து நிமிடம்தான் பாக்கி. ரங்கசாமி அண்ணனின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது, தட்டில் தண்ணீர் சொட்டி உப்பு ஒரு ஓரமாகக் கரைந்தேவிட்டது. "போச்சாது உடுங்க, சொந்தம் கரையாது" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அக்கா மட்டும் அழுதாள், இந்தத் தடவை நிம்மதியில்.

பந்தி இரண்டு மணி வரை நடந்தது. அதற்கும் அதே நான்கு அண்டாதான். கலங்கிய தண்ணீரை மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் குடம் குடமாக எடுத்துப் போய்த் தெருவோர மரங்களுக்கு ஊற்றினார்கள். டேங்கரில் முக்கால்வாசி மிச்சம். அது மேல்தொட்டிக்கு ஏறியது, மாமாவுக்கு இரண்டு நாள் கவலை தீர்ந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வந்தபோது இலையும் காய்கறித் தோலும் நான்கு கூடை, மக்காதது ஒரே ஒரு பை. அந்த ஒரு பையிலும் பாதி, பந்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன குட்கா பாக்கெட். நூற்றைம்பது பேர் சாப்பிட்ட வீடு என்று சொன்னதை வண்டிக்காரர் நம்பவில்லை.

இதனால் மழை வந்துவிடுமா, திம்பத்து மூங்கில் பச்சையாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. எனக்கும் தெரியும். வெயில் வருடா வருடம் ஏறுவதை ஒரு நிச்சயதார்த்தம் இறக்கிவிடாது. ஆனால் இவ்வளவு நாள் இதைப் பற்றி நினைத்தாலே எனக்கு மிஞ்சியது பயமும் எரிச்சலும்தான். யாரையாவது திட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பந்தலில் முதல் முறையாக, தப்பு செய்த எல்லாரும் சேர்ந்து சரி செய்ததைப் பார்த்தேன், எனக்கு மனசு லேசாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திம்பம் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, திரும்பும்போது மைசூரில் மதியம் ஒரு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு நானும் ஆசையோடு ஆதாரை நீட்டினேன், அது அந்த மாநிலத்து முகவரி உள்ளவர்களுக்குத்தான், கண்டக்டர் சிரித்துவிட்டார். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள், ஆசனூரில் டீக்கடைக்காரர் கேட்டால் நிரப்பித் தருகிறார். விசேஷம் வைப்பவர்கள் உங்கள் ஊரில் டம்ளர் வாடகைக்குத் தரும் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள், சமையல்காரரிடம் காலி அண்டா நான்கு கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டார் ஏதாவது கேட்டால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஆவணியில் மார்டள்ளியில் கல்யாணம். ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறும்போது அக்கா தயங்கித் தயங்கி, "அங்க கல்யாணத்துக்குத் தண்ணிக்கு என்ன ஏற்பாடுங்க அண்ணா?" என்று கேட்டாள். ரங்கசாமி அண்ணன் படியில் நின்றபடியே திரும்பினார்.

"டம்ளருதானுங்க தங்கச்சி. அண்டாவும் நான் வெச்சுடறேன். ஆனா இந்த வாட்டி கழுவறது பொண்ணு ஊட்டுக்காரங்க, சொல்லிப் போட்டேன்."

நான் இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மூன்றாவது அண்டா.